புழுவுக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது?

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் முதலிய ஊர்களைச் சுற்றிலும், கிணற்றுப் பாசனத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் மல்பெரியும் அதன் ஓரத்தில் ஒரு புழு வளர்ப்பு மனையுமாக ஜீவனம் நடத்துகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வீட்டு நாட்காட்டியைப் புழுதான் எழுதுகிறது. புழு தின்னுகிற நாட்களில் வீட்டார் கண்ணயர்வது அபூர்வம். புழு உறங்கும்போதுதான் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சந்தைக்கும் போய்வர அவர்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. எப்போது இலை போடவேண்டும், எப்போது போடக்கூடாது, எந்த நாழிகையில் புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டாகிய சந்திரிகையில் விடவேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். அவர்கள் கண் கண்டு சொல்லுகிற அந்த அடையாளங்களுக்கு உள்ளே, நரம்பும் ஹார்மோனும் சேர்ந்து நடத்துகிற ஒரு நிர்வாகம் இருக்கிறது. சகல பிராணிகளுக்கும் பொதுவான அந்த நிர்வாகத்தைப் பற்றி உலகம் அறிந்துகொண்டவற்றில் ஒரு முக்கியமான பகுதி பட்டுப்புழுவைப் போன்ற சிறு பூச்சிகளிடமிருந்து கிடைத்தது என்பதனால், அதை விளக்கிச் சொல்ல இந்த மாவட்டத்து வளர்ப்பு மனையைவிடத் தகுந்த இடம் எனக்குத் தோன்றவில்லை.

முட்டை பொரிந்த நாளிலிருந்து கூடு கட்டும் நாள்வரை ஏறத்தாழ 25 நாட்கள். அதற்குள் புழு நான்கு முறை தோலுரிக்கிறது. கன்னட நாட்டெல்லையை ஒட்டிய ஊர்களில் தோலுரிப்புக்கு ஜுரம் என்றே பெயர். அந்தச் சமயத்தில் மனைக்குள் போய்க் குனிந்து பார்த்தால், சற்றுமுன்வரை சரசரவென்று இலையை அரித்துக்கொண்டிருந்த பிராணி, தலையையும் மார்பையும் மேலே தூக்கியபடி அசைவற்று நிற்பதும், அதன் தோல் இறுகிப் பளபளப்பதும், தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத சிறுமையோடு தோன்றுவதும், தலைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முக்கோணம் தெரிவதும் புலப்படும். பழைய தோலுக்கடியில் தயாராகிக்கொண்டிருக்கிற புதிய தலையே அந்த முக்கோணம். அசைவற்று நிற்பதற்கு முன்பாகவே புழு தன் வாயிலிருந்து சில இழைகளை விட்டுப் படுக்கையோடு தன்னைப் பிணைத்துக்கொண்டிருக்கும். பழைய சட்டையிலிருந்து முன்னோக்கி நழுவி வெளியேறும்போது அந்தச் சட்டையும் கூடவே இழுபட்டு வந்துவிடக்கூடாதல்லவா? “புழு ஜுரத்துல இருக்கு, இலை போடாத கண்ணு” என்று மகளை எச்சரித்துவிட்டு, படுக்கை ஈரமில்லாமல் இருப்பதற்காகச் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவிவிட்டுத் தாய் வெளியே வருகிறாள். ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின், பெரிய தலையும் சுருக்கம் விழுந்த தளர்ந்த தோலுமாகப் புழுக்கள் எழுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழுந்துவிட்டன என்று கண்டால்தான் மறுபடியும் இலை.

நூறு முட்டைத் தொகுதி வாங்கி வளர்க்கிறவருடைய மனையில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்கள் இருக்கும். இத்தனையும் அநேகமாக ஒரே நாளில் தின்பதை நிறுத்துகின்றன. ஒரே நாளில் எழுகின்றன. ஒன்றை ஒன்று பார்த்து அவை அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் கட்டளை தனித்தனியாகப் பிறக்கிறது. உண்ணும் வாய்க்கு ‘நில்’ என்றும், மேல்தோலின் உயிரணுக்களுக்குப் ‘புதிது செய்’ என்றும், தசைகளுக்குப் ‘பழையதைக் கழற்று’ என்றும், உரிய வரிசையில் உரிய நேரத்தில் யார் சொல்லுகிறார்கள்?

ஓர் உடம்புக்குள் செய்தி செல்ல இரண்டு மார்க்கங்கள் உண்டு. முதலாவது நரம்பு. விடியற்காலையில் இலையறுக்கத் தோட்டத்துக்குள் நுழைகிற ஒருவர் காலடியில் பாம்பு நெளிவதைக் கண்டால், ‘பாம்பு’ என்கிற சொல் மனத்தில் உருவாகுமுன்பே கால் பின்வாங்கிவிடுகிறது. கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து கால் தசைக்கும் மின் துடிப்பாகச் செய்தி பாய்கிறது. மனித சரீரத்தின் தடித்த நரம்பிழைகளில் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் வரை போகும். பாம்பு வேலிக்குள் மறைந்த பிறகும் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் சில நிமிஷங்கள் நீடிப்பது இரண்டாவது மார்க்கத்தின் காரியம். சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ரத்தத்தில் கலந்துவிட்ட அட்ரினலின் என்னும் ஹார்மோன், அது தீரும்வரையில் இதயத்தை விரட்டிக்கொண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டும் இருக்கிறது. நரம்பு தன் செய்தியைக் குறிப்பிட்ட உறுப்பிடம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹார்மோனோ, கிராமத்தில் தண்டோரா போடுகிறவர் குரலைப்போல எல்லாத் தெருவிலும் ஒலிக்கும், அதைக் கேட்டுப் புறப்படுகிறவர் அதற்குரியவர் மட்டுமே. ரத்தத்தில் மிதந்துவரும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் எந்த உயிரணுக்களில் அமைந்திருக்கின்றனவோ அவை கீழ்ப்படிகின்றன. மற்றவற்றுக்கு அது வெறும் நீரோட்டம். 1902-ஆம் ஆண்டில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்ட பிறகும் அந்தக் குடலில் அமிலம் பட்டவுடன் கணையம் சுரப்பதைக் கண்டு, ரத்தத்தின் வழியாகவே செய்தி போகிறது என்று நிரூபித்தார்கள். ஹார்மோன் சாஸ்திரம் அங்கே பிறந்தது என்று சொல்லுவது வழக்கம்.

பூச்சிகளுக்கு ஹார்மோன் உண்டு என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. முதலில் அதைக் காட்டியவர் போலந்து நாட்டு விஞ்ஞானி ஸ்டெஃபான் கோபெச். ஜிப்ஸி அந்து என்ற பூச்சியின் கம்பளிப்புழுக்களை வைத்துக்கொண்டு அவர் செய்த சோதனைகள் 1917-ஆம் ஆண்டிலும் 1922-ஆம் ஆண்டிலும் வெளியாயின. கருவி என்று பார்த்தால் ஒரு கத்தியும் ஒரு நூலும்தான். புழுவின் இடுப்பில் நூலை இறுகக் கட்டி, முன்பாதியின் ரத்தம் பின்பாதிக்குப் போகாமல் தடுத்தார். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் கட்டினால் முன்பாதி கூட்டுப்புழுவாயிற்று; பின்பாதி புழுவாகவே நின்றுவிட்டது. அந்த நாளுக்குப் பின் கட்டினால் இரு பாதிகளும் மாறின. மூளையை எடுத்துவிட்டுப் பார்த்தபோதும் அதே கணக்கு: முன்னாலே எடுத்தால் மாற்றம் இல்லை, பின்னாலே எடுத்தால் மாற்றத்துக்குத் தடை இல்லை. நரம்பு வடத்தை அறுத்துப் பார்த்தார். அதனால் எந்த வித்தியாசமும் ஏற்படவில்லை. மூளையிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இறங்கிச் செல்லுகிறது, இறங்கி முடிந்தபின் மூளை அதற்குத் தேவையில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. நரம்பின் தலைமைப்பீடமாகிய மூளையே ஒரு சுரப்பியாகவும் வேலை செய்கிறது என்கிற இந்த முடிவை அக்காலத்து விஞ்ஞான உலகம் சரியாகக் காதில் வாங்கவில்லை. கோபெச் 1941-இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் கண்டுபிடிப்பு எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதைக் காண அந்த மகானுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பின் காட்சி பட்டுப்புழுவுக்கு மாறுகிறது. 1940-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஃபுகுதா என்பவர், பட்டுப்புழுவின் முன்மார்பில் இருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பிகளே தோலுரிப்பின் நேரடியான கர்த்தா என்று காட்டினார். நூலால் பிரிக்கப்பட்டு மாறாமல் கிடந்த வயிற்றுப் பகுதிக்குள் அந்தச் சுரப்பியைப் பதித்துவைத்தபோது அந்த வயிறும் கூட்டுப்புழுவின் தோலைப் போர்த்திக்கொண்டது. அவருக்குச் சற்று முன்னாலே பிரான்ஸில் பூனியோல் என்பவர் செய்த சோதனை இன்னும் ஆச்சரியமானது. புழுவின் மூளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு ஜோடிச் சுரப்பிகளை இளம் பருவத்துப் புழுக்களிலிருந்து அவர் எடுத்துவிட்டார். அந்தப் புழுக்கள் மிச்சமுள்ள பருவங்களுக்குக் காத்திருக்காமல், குழந்தைப் பிராயத்திலேயே சின்னஞ்சிறு கூடு கட்டி, சின்னஞ்சிறு அந்துகளாக வெளிவந்தன!

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நிர்வாகத்தின் அமைப்பு விளங்கும். கடுகிலும் சிறிய அந்த மூளையின் இரு பக்கத்திலும் இரண்டிரண்டு பெரிய நரம்பணுக்கள் ஒரு ஹார்மோனைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. அது முன்மார்புச் சுரப்பியைத் தூண்டுகிறது. அந்தச் சுரப்பி எக்டைசோன் என்னும் பொருளை வெளியிடுகிறது; உடம்பில் சிறிது மாற்றம் பெற்று வீரியமடைந்ததும் அதுவே ‘தோலுரி’ என்ற உத்தரவு. ஆனால் உரித்தபின் என்னவாக எழவேண்டும் என்பதை முடிவு செய்வது பூனியோல் எடுத்துவிட்ட சுரப்பியின் இளமை ஹார்மோன். அது ரத்தத்தில் நிறைந்திருக்கையில் எக்டைசோன் வந்தால் புழு மீண்டும் புழுவாகவே எழும், உருவத்தில் மட்டும் பெரிதாக. அது வற்றிப்போன பிறகு எக்டைசோன் வந்தால் கூட்டுப்புழு. நான்கு ஜுரங்களில் முதலாவது நிகழ்கிறது; கூட்டுக்குள்ளே இரண்டாவது நிகழ்கிறது.

எக்டைசோனைத் தனியாகப் பிரித்தெடுத்து உருவம் காட்டியவர்கள் ஜெர்மனியில் பூட்டனாண்டும் கார்ல்சனும், ஆண்டு 1954. இதற்காக 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்து, இறுதியில் அவர்கள் கண்டது 25 மில்லிகிராம் படிகம். கொதிநீரில் கூட்டை அவித்து நூலெடுத்தபின் மிஞ்சுகிற கூட்டுப்புழுக் குவியலையும் அதன் வாடையையும் அறிந்த இந்த மாவட்டத்து மக்களுக்கு, அப்படிப்பட்ட குவியலிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவான பொருளைத் தேடி எடுப்பது எத்தகைய தபஸ் என்பதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1965-இல் அதன் ரசாயன அமைப்பு முழுவதும் தெரிந்தபோது, நம் உடம்பில் ஆண்மைக்கும் பெண்மைக்கும் காரணமாயுள்ள ஹார்மோன்கள் சேர்ந்த அதே ஸ்டீராய்டு குடும்பத்தைச் சேர்ந்தது அதுவும் என்று புலனாயிற்று. ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டீராய்டு செய்ய மூலப்பொருளான கொலஸ்டிராலை நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும்; பூச்சிகளுக்கு அந்தத் திறமை இல்லை. அவை தின்னும் இலையிலுள்ள சத்திலிருந்தே அதைப் பெறவேண்டும். ஆகையால் மல்பெரி இலை புழுவுக்கு உணவாகவும், பின்னர் பட்டாகவும் மாறுவதோடு, ‘மாறு’ என்று அதற்கு உத்தரவிடும் ஹார்மோனாகவும் மாறுகிறது.

ஐந்தாம் பருவம் வளர்ப்பவர்க்கு உச்சகட்டம். புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் நூற்றுக்கு 85 பங்குக்குமேல் இந்த ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. முட்டையிலிருந்து வந்தபோதிருந்த எடையைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு எடையை இப்போது எட்டுகிறது. வயிற்றின் இருபுறமும் மடிந்து கிடக்கும் இரண்டு பட்டுச் சுரப்பிகள், இறுதியில் உடம்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்களவுக்குப் பருத்துவிடுகின்றன. இந்தச் சுரப்பியின் உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை என்பது விசேஷம். முட்டைக்குள் இருந்தபோது அமைந்த எண்ணிக்கையே கடைசிவரைக்கும். ஒவ்வோர் அணுவும் தானாகவே ராட்சச உருவெடுக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் இளமை ஹார்மோன் மெல்ல வற்றுகிறது. அது வற்றியதை மூளை அறிந்து தன் ஹார்மோனை விடுகிறது. அதன்பின் எழும் சிறிய எக்டைசோன் அலைதான் புழுவின் புத்தியையே மாற்றுகிறது என்று சொல்லவேண்டும்: தின்பதற்கென்றே பிறந்ததுபோலிருந்த பிராணி இலையை வெறுக்கிறது, குடலிலுள்ளதை ஒருமுறை முழுதும் கழிக்கிறது, உடம்பு சற்றுச் சுருங்கி ஒளி ஊடுருவும் மஞ்சள் சாயலைப் பெறுகிறது, தலையைத் தூக்கியவாறு படுக்கையின் விளிம்பை நாடி அலைகிறது. புழு பழுத்துவிட்டது என்பார்கள். பழுத்த புழுவைச் சந்திரிகையில் விட்டதும், தலையை எட்டு என்ற இலக்கத்தின் வடிவத்தில் ஓயாமல் அசைத்து, இரண்டு மூன்று நாட்களில் ஆயிரம் மீட்டருக்குமேல் நீளமுள்ள ஒரே இழையை அது வெளியிடுகிறது. அந்தத் தலையசைப்பை நடத்துவது நரம்பு மண்டலம். நடத்துவதற்கான காலம் வந்துவிட்டது என்று நரம்புகளுக்குச் சொன்னது ஹார்மோன்.

எல்லாப் புழுவும் ஒரே நாழிகையில் பழுப்பதில்லை என்பதே வளர்ப்பவரின் பெரிய சங்கடம். முந்திப் பழுத்தது காத்திருந்து பட்டை வீணாக்கும். பிந்தியது மற்றவற்றோடு சேர்த்து ஏற்றப்பட்டால் கூடு மெலியும். இரவெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு பொறுக்கினாலும் ஆட்கூலி கட்டாது. இதற்கு மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் ஒரு வழி கண்டது. சில தாவரங்கள், தம்மைத் தின்னவரும் பூச்சிகளைக் குழப்பும்பொருட்டோ என்னவோ, எக்டைசோனை ஒத்த பொருள்களைத் தம்முள் செய்து வைத்திருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த மருந்துக்குச் சம்பூர்ணா என்று பெயர். மனையில் சில புழுக்கள் பழுக்கத் தொடங்கியதும் இதை நீரில் கலந்து இலைமேல் தெளித்து ஊட்டினால், பின்தங்கியவையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுத்துவிடும். ஒரு விவசாயி தன் கையால் நாற்பதாயிரம் ஜீவன்களின் ரத்தத்துக்குள் ஒரே உத்தரவைச் செலுத்துகிறார்!

இதே வித்தையின் மறுபக்கம் பயங்கரமானது. 1956-இல் அமெரிக்காவில் காரல் வில்லியம்ஸ் என்பவர் பெரிய அந்து ஒன்றின் வயிற்றிலிருந்து இளமை ஹார்மோனைப் பொன்னிற எண்ணெயாக வடித்தெடுத்தார். பூச்சிகளை என்றும் சிறுபிள்ளையாகவே வைத்து அழித்துவிடலாமே என்ற யோசனையும் அவரைப் போன்றோரிடமிருந்தே பரவியது. அவ்வாறு பிறந்த பூச்சிமருந்துகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. இத்தாலியின் வடபகுதியில் 1980-களின் இறுதி முதல் பழத்தோட்டங்களுக்கு ஃபினாக்ஸிகார்ப் என்ற அத்தகைய மருந்தை அடித்தபோது, காற்றில் அது மல்பெரி இலைமேல் மிக மிக நுண்ணிய அளவில் படிந்தது. அந்த இலையைத் தின்ற புழுக்கள் ஐந்தாம் பருவத்திலேயே நின்று, தின்றுகொண்டே பருத்து, கூடு கட்டாமலே மடிந்தன. நூற்றாண்டுகளாகச் செழித்திருந்த அந்நாட்டுப் பட்டுத் தொழிலின் வீழ்ச்சியை இது விரைவுபடுத்தியது. நம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களும் மல்பெரித் தோட்டங்களும் வரப்பைப் பகிர்ந்துகொண்டிருப்பவை. பக்கத்து வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள், காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று விசாரிப்பதை எந்த விவசாயியும் அலட்சியம் செய்யலாகாது என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். புழு சாகாமல், நோய்க்குறி எதுவும் காட்டாமல், கொழுகொழுவென்று இருந்துகொண்டே கூட்டை மட்டும் மறுத்துவிட்டால், இலைக்கும் உழைப்புக்கும் கொடுத்த காசு அத்தனையும் போயிற்று.

நரம்பு வேறு, ஹார்மோன் வேறு என்று இதுவரை பிரித்துச் சொல்லிவந்தேன். உண்மையில் உடம்பு அப்படிப் பிரித்து வைத்திருக்கவில்லை. கோபெச் சுட்டிய மூளைச் சுரப்பு, நரம்பணுவே ஹார்மோன் செய்வதற்குச் சாட்சி. 1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்பவர் மீனின் மூளையில் அத்தகைய அணுக்களைக் கண்டபோதும் பலர் நம்ப மறுத்தார்கள். இன்று, நம் மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைபோதலமஸ் பகுதியில் அவை இருப்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். குழந்தை மார்பில் வாய் வைத்து உறிஞ்சியவுடன் அந்தத் தொடுகை நரம்பின் வழியே தாயின் மூளைக்குப் போகிறது. ஹைபோதலமஸின் நரம்பணுக்கள் தாம் செய்த ஆக்ஸிடோசின் ஹார்மோனைப் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியே ரத்தத்தில் விடுகின்றன. அது மார்பை அடைந்து பாலை இறக்குகிறது. குழந்தையின் அழுகுரல் அடுத்த அறையிலிருந்து கேட்டாலே சில தாய்மார்களுக்குப் பால் இறங்கிவிடுவதும் இதனால்தான். பாம்பைக் கண்டவரின் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போனதும் நரம்பின் வழியாகவே.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. ஜப்பானிய விஞ்ஞானிகள் பட்டுப்பூச்சியின் தலைகளை லட்சக்கணக்கில் சேகரித்து மூளை ஹார்மோனைத் தேடியபோது, 1984-இல் அவர்கள் கையில் முதலில் சிக்கிய பொருளின் அமைப்பு இன்சுலினோடு ஒத்திருந்தது. தேடிய தோலுரிப்பு ஹார்மோன் அதுவல்ல என்று பின்னால் தெரிந்து, அதற்குப் பாம்பிக்சின் என்று தனிப்பெயர் வைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர் தினந்தோறும் ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பொருளுக்கு உறவான ஒன்று, சந்திரிகையில் ஏறும் புழுவின் மூளையிலும் சுரந்துகொண்டிருக்கிறது. புழுவுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதனிடமிருந்த சொத்தை இரு வம்சங்களும் இன்னும் செலவழித்து வருகின்றன.

நரம்பின் நுனியிலும் ரசாயனமே வேலை செய்கிறது என்பது 1921-இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு காட்டிய உண்மை. மின் துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும், அங்கே அசிட்டைல்கோலின் போன்ற ஒரு பொருள் துளித்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவை எழுப்புகிறது. எழுப்பிய மறுகணமே அதை அழிப்பதற்கென ஒரு நொதியும் அங்கே காத்திருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியையே முடக்குகின்றன. அழிக்கப்படாத செய்தி ஓயாமல் ஒலிக்க, புழு வாந்தியெடுத்துத் துடித்துச் சுருண்டு விழுகிறது. புகையிலைத் தோட்டத்தருகே வளர்ந்த மல்பெரி இலை புழுவுக்கு ஆகாததற்கும் காரணம் இதன் அண்டைவீட்டுக் கதை: நிகோடின், அசிட்டைல்கோலினுக்குரிய ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கிறது. புழுவின் நரம்பிலுள்ள அந்தப் பொருளும் அந்த நொதியும் மருந்தடிக்கிற மனிதரின் நரம்பிலும் உள்ளவை. முகத்தில் துணிகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று, வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிற கூலியாளுக்கு எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, மூச்சு முட்டுவது புழுவுக்கு வந்த அதே ஆபத்தே. இதை நம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் படம் போட்டுக் காட்டிச் சொல்லவேண்டும். பாடப்புத்தகத்துக்கும் பரீட்சைக்கும் வெளியே உயிரைக் காக்கிற பாடம் இது.

தோலுரிப்பின் கடைசிக் கணத்தில் இவ்விரு மார்க்கங்களும் பின்னிக்கொள்வதைப் பார்க்கலாம். புதிய தோல் தயாரானதும் எக்டைசோன் அளவு இறங்குகிறது. அந்த இறக்கத்தை உணர்ந்து, புழுவின் சுவாசக் குழல்களின்மேல் ஒட்டியிருக்கும் சில அணுக்கள் ஒரு ஹார்மோனை விடுகின்றன. அது நரம்பு மண்டலத்தை எட்டுகிறது. நரம்பு மண்டலம் பதிலுக்கு வேறொரு ஹார்மோனை விட்டு அந்த அணுக்களை மேலும் தூண்டுகிறது. ஒன்றை ஒன்று தூண்டித் தூண்டி நிமிஷங்களுக்குள் முழுக் கையிருப்பும் வெளியாகிவிடுகிறது. உடனே நரம்புகள் தசைகளைப் பின்னாலிருந்து முன்னாக அலையலையாகச் சுருக்க, பழைய சட்டை வால்பக்கம் ஒதுங்குகிறது. பாதியில் நின்றுவிட்டால் மரணம் என்பதால், தொடங்கினால் முடித்தே தீரும்படியாக இயற்கை இதை அமைத்திருக்கிறது.

கூட்டை விற்காமல் விதைக்கு நிறுத்தினால் அந்து வெளிவருகிறது. மனிதரோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து பறக்கும் சக்தியை இழந்துவிட்ட ஆண் அந்து, பெண் அந்தின் வயிற்று நுனியிலிருந்து காற்றில் கலக்கும் வாசனையின் சில அணுத்திரள்கள் தன் உணர்கொம்பின் நரம்பைத் தீண்டியதுமே சிறகடித்துச் சுழன்று அவளைத் தேடிப் போகும். அந்த வாசனைப் பொருளையும் பூட்டனாண்டே ஐந்து லட்சம் பெண் அந்துகளிலிருந்து 1959-இல் பிரித்து, பாம்பிகால் என்று பெயரிட்டார். உடம்புக்குள் ஓடும் ஹார்மோன் ஓருயிரை ஒழுங்கு செய்கிறது. உடம்புக்கு வெளியே வீசும் இது இரண்டு உயிர்களைச் சேர்க்கிறது.

தாய் இடும் முட்டையின் விதியும் ஹார்மோன் வசமே. குளிர்நாட்டு மரபில் வந்த, வெள்ளைக்கூடு கட்டும் இனங்களின் முட்டைகள் இட்ட இரண்டொரு நாளில் கருத்து, மாதக்கணக்காக உறங்கிவிடும் சுபாவம் உடையவை. உறக்கத்துக்குக் காரணம், தாயின் உணவுக்குழலுக்குக் கீழேயுள்ள நரம்பு முடிச்சில் சுரந்து, கருவுறுவதற்கு முன்பே முட்டைகளுக்குள் இறங்கும் ஒரு ஹார்மோன்; 1951-இல் ஜப்பானில் ஹஸேகாவாவும் முன்சொன்ன ஃபுகுதாவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். அதைச் சுரப்பதா வேண்டாமா என்று தாய் தீர்மானிப்பது தான் முட்டைக்குள் கருவாயிருந்த காலத்தில் அனுபவித்த வெப்பத்தையும் வெளிச்சத்தையும் வைத்து. 25 டிகிரி வெதுவெதுப்பிலும் வெளிச்சத்திலும் பொரிந்தவள் உறங்கும் முட்டை இடுவாள். 15 டிகிரிக் குளிரிலும் இருட்டிலும் பொரிந்தவள் உறங்காத முட்டை இடுவாள். தருமபுரி விவசாயிக்கோ வருஷம் முழுவதும் பயிர் வேண்டும். முட்டை தூங்கிக்கொண்டிருந்தால் அவர் அடுப்பு எரியாது. ஆகவே முட்டை தயாரிக்கும் வித்தகங்களில், இட்டு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆன முட்டைகளை 46 டிகிரி சூட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் ஐந்து நிமிஷம்போல அமிழ்த்தி, உடனே நல்ல நீரில் அமிலம் போகக் கழுவி, நிழலில் உலர்த்துகிறார்கள். தாயின் உத்தரவு ரத்தாகிவிடுகிறது. பத்து நாளில் கறுத்த சிறு புழுக்கள் ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வருகின்றன. இளம்புழு வளர்ப்பு மையத்தில் அவற்றுக்குக் கொழுந்திலையைப் பொடியாக நறுக்கித் தூவுகிறார்கள்.